அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம்: 1935 முதல் 1941 வரை அது தடுத்தது என்ன, விட்டுக்கொடுத்தது என்ன?

இரண்டாம் உலகப் போருக்குள் அமெரிக்கா முத்துத் துறைமுகத் (பேர்ல் ஹார்பர்) தாக்குதலால் ஒரே நாளில் நுழைந்தது என்றுதான் பலரும் படித்திருக்கிறோம். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் அந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் நடந்ததைப் பார்த்தால் கதை வேறு. ஒவ்வொரு பிரிவாகத்தான் கதவு திறந்தது.

முதல் உலகப் போரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் வாங்கிய கடனில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. வடக்கு டகோட்டா மாநில செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் 1934இல் அமைந்த குழு, ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் அந்தப் போரில் அடித்த லாபத்தைத் தோண்டி எடுத்தது. இன்னொரு முறை ஏமாறக் கூடாது என்ற கோபத்தில் பிறந்ததுதான் 1935 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தான நடுநிலைச் சட்டம்.

சட்டம் சொன்னது எளிது. வெளிநாடுகளுக்கிடையே போர் மூண்டுவிட்டது என்று அதிபர் அறிவித்தால், அந்த நொடியிலிருந்து இரு தரப்புக்கும் ஆயுதம் ஏற்றுமதி செய்யக் கூடாது. போரிடும் நாட்டின் கப்பலில் பயணம் செய்யும் அமெரிக்கர் தம் சொந்தப் பொறுப்பில் போக வேண்டும். 1936இல் கடன் கொடுப்பதும் தடையானது. 1937 மே மாதம் அந்தக் கப்பல் பயணமே சட்டவிரோதமானது.

இதில் கவனிக்க வேண்டியது, அடித்தவனையும் அடிபட்டவனையும் சட்டம் ஒரே தட்டில் வைத்தது. 1935 அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது ஆயுதத் தடை இரு தரப்புக்கும் விதிக்கப்பட்டது. இத்தாலிக்கு ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்தன. அதற்குத் தேவைப்பட்டது பெட்ரோலியம், அது தடைப் பட்டியலில் இல்லை. எத்தியோப்பியா துப்பாக்கியை வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.

ஸ்பெயின் விஷயம் இதைவிட வேதனையானது. உள்நாட்டுப் போர் பழைய சட்டத்துக்குள் வராது என்பதால், 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கு மட்டும் ஆயுதத் தடை விதிக்கும் தனித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தீர்மானம் நிறைவேறுவதற்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்று ‘மார் கான்டாப்ரிகோ’ என்ற சரக்குக் கப்பல், ஆட்சியிலிருந்த குடியரசுத் தரப்புக்கான ஆயுதங்களோடு நியூயார்க் துறைமுகத்திலிருந்து அவசர அவசரமாகக் கிளம்பியது. தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் 406 பேர் ஆதரவு, எதிர்த்தவர் மினசோட்டாவின் ஜான் பெர்னார்ட் ஒருவரே. கப்பல் ஊர் போய்ச் சேரவில்லை. ஸ்பெயின் கரையருகே கிளர்ச்சிப் படைத் தலைவர் பிராங்கோவின் கடற்படை அதைப் பிடித்துக்கொண்டது. பிராங்கோவுக்கோ ஹிட்லரும் முசோலினியும் விமானமும் படையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசின் கையைக் கட்டிப்போட்டதற்கு நடுநிலை என்று பெயர் வைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

1937 சட்டத்தில் வந்த முக்கியமான விதி, ‘ரொக்கம் கொடு, எடுத்துக்கொண்டு போ’. ஆயுதம் தவிர்த்த பொருள்களில் அதிபர் குறிப்பிடுபவற்றைப் போரிடும் நாடுகளும் வாங்கலாம். ஆனால் சரக்கு துறைமுகத்தை விட்டுப் போகும் முன் உரிமை வாங்குபவருக்கு மாறியிருக்க வேண்டும், அமெரிக்கக் கப்பலில் ஏற்றக் கூடாது. கையில் காசும் கடலில் கப்பலும் உள்ளவருக்கே இந்த விதி பயன்படும். அட்லாண்டிக்கில் அது பிரிட்டன். பசிபிக்கில் ஜப்பான். அதனால்தான் 1937 ஜூலையில் சீனாவில் சண்டை வெடித்தும் அதிபர் ரூஸ்வெல்ட் ‘போர் மூண்டுள்ளது’ என்று அறிவிக்கவே இல்லை. அறிவிப்பு இல்லையென்றால் சட்டம் செயல்படாது, சீனா தொடர்ந்து ஆயுதம் வாங்கலாம்.

ஐரோப்பாவில் போர் தொடங்கிய பின், 1939 நவம்பர் 4 அன்று ஆயுதத் தடை நீக்கப்பட்டது. ஆயுதமும் ரொக்க விதிக்குள் வந்தது. போர் மண்டலக் கடலுக்குள் அமெரிக்கக் கப்பல்கள் போகக் கூடாது என்பது இதற்கு ஈடாக வந்த தடை. எல்லை விதியின் விசித்திரத்தை வடக்கு டகோட்டாவின் பெம்பினாவில் கண்ணாலேயே பார்த்தார்கள். பிரிட்டனுக்கான குண்டுவீச்சு விமானங்களைப் போரில் இருக்கும் கனடாவுக்குள் அமெரிக்க விமானி ஓட்டிப் போகக் கூடாது. எனவே எல்லையோரம் இறக்கி, குதிரைகளைப் பூட்டி இழுத்து அந்தப் பக்கம் சேர்த்தார்கள். செனட்டர் நையின் சொந்த மாநிலத்தில்தான் இது நடந்தது.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்கள் பிரிட்டனுக்குப் போயின; பதிலுக்கு நியூஃபவுண்ட்லாந்து முதல் கயானா வரை தளங்களில் 99 ஆண்டு உரிமை. நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்காமலேயே ரூஸ்வெல்ட் இதை முடித்தார். அதே மாதம் கட்டாய ராணுவ சேவைச் சட்டமும் வந்தது: 21 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் பதிய வேண்டும், சேவை 12 மாதம், அமெரிக்கக் கண்டங்களுக்கும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளுக்கும் வெளியே அனுப்பக் கூடாது. 1941 ஆகஸ்டில் காலத்தை நீட்டிக்கும் மசோதா 203க்கு 202 என்று ஒரே வாக்கில் தப்பியது.

அதற்குள் பிரிட்டனின் டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. 1941 மார்ச் 11 அன்று கையெழுத்தான கடன்-குத்தகைச் சட்டம் ரொக்க நிபந்தனையை உடைத்தது. எந்த நாட்டின் பாதுகாப்பு அமெரிக்கப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று அதிபர் கருதுகிறாரோ, அந்த நாட்டுக்கு விற்கலாம், மாற்றித் தரலாம், குத்தகைக்கும் இரவலாகவும் கொடுக்கலாம். முதல் ஒதுக்கீடு 700 கோடி டாலர். எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்த இரண்டு பிரிவுகள் சேர்ந்தன: இந்தச் சட்டம் சரக்குக் கப்பல்களுக்குக் கடற்படைக் காவல் தர அதிகாரம் அளிப்பதாகக் கொள்ளக் கூடாது, போர் மண்டலக் கடலுக்குள் அமெரிக்கக் கப்பல் நுழையவும் இது அனுமதி ஆகாது.

அந்த இரண்டு வாசகங்களும் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. கொடுத்த சரக்கு கடலடியில் மூழ்கினால் கொடுத்து என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. செப்டம்பரில் கடற்படை அதிபரின் உத்தரவில் காவலுக்குக் கிளம்பியது. 1941 அக்டோபர் 31 அன்று ஐஸ்லாந்து அருகே சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகச் சென்ற ‘ரூபன் ஜேம்ஸ்’ போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. குறைந்தது நூறு மாலுமிகள் இறந்தார்கள். அன்று அமெரிக்கா சட்டப்படி நடுநிலை நாடு.

நவம்பர் 17 அன்று கப்பல்கள் மீதிருந்த முக்கியத் தடைகளும் போயின. வணிகக் கப்பலில் பீரங்கி பொருத்தலாம், போர் மண்டலத்துக்குள் போகலாம். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 212, எதிர்ப்பு 194. அந்தக் கையெழுத்துக்கும் முத்துத் துறைமுகத்தின் மீது விழுந்த முதல் குண்டுக்கும் இடையே இருபது நாள்.