எதுகை சொன்னால் உண்மையாகிவிடுமா?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்.’ இதில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, ‘வளரும் பயிர் முளையிலே தெரியும்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருள் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பழமொழி செத்துவிட்டது. யாரோ போகிற போக்கில் சொன்ன அபிப்பிராயம் மாதிரி ஆகிவிட்டது.

போனது ‘ளை’ என்ற ஓர் எழுத்து. விளை, முளை என்று இரண்டாம் எழுத்து ஒத்து வருவதைத்தான் எதுகை என்கிறோம். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இவை காதுக்கு இனிமை தரும் என்று பள்ளியில் படித்திருப்போம். வெறும் இனிமையோடு விஷயம் நின்றுவிடுவதில்லை.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் மேத்யூ மெக்லோனும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிகம் புழங்காத ஆங்கிலப் பழமொழிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு ஓசை ஒத்து வரும் அசல் வடிவம், சிலருக்கு அதே பொருளில் ஓசை மட்டும் கலைக்கப்பட்ட வடிவம். ‘மனித நடத்தையை இது எவ்வளவு சரியாகச் சொல்கிறது?’ என்பதுதான் கேள்வி. ஓசை ஒத்த வடிவமே அதிக உண்மையாகத் தோன்றியது. ‘சொல்லின் அழகைப் பார்க்காதீர்கள், கருத்தை மட்டும் பாருங்கள்’ என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த மயக்கம் குறைந்தது.

காரணம் என்ன? மூளை சிரமமில்லாமல் உள்வாங்கும் எதையும் பழகியதாகவும், அதனாலேயே சரியானதாகவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எதுகை அந்தச் சிரமத்தைக் குறைக்கிறது. ‘விளையும் பயிர்’ என்றதுமே அடுத்து வரப்போகும் ஓசையைக் காது எதிர்பார்க்கிறது. ‘முளை’ வந்து விழும்போது ஒரு சின்ன திருப்தி. நினைவில் நிற்பதும் இதனால்தான். ஒரு சொல் மறந்து போனாலும், பொருள் ஒரு பக்கமும் ஓசை மறுபக்கமும் நெருக்க, பொருந்தக்கூடிய சொற்கள் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். எழுதி வைக்காத பாடல்கள் தலைமுறை தாண்டி வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

(சின்ன வயதில் சாதாரணமாக இருந்து பிற்பாடு ஜொலித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கென்று எதுகையோடு ஒரு பழமொழி அமைந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.)

தனி எழுத்தின் ஓசைக்கும் வேலை இருக்கிறது. உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் இரண்டு கோட்டுருவங்களைக் காட்டினார். ஒன்று கூர்கூராக, மற்றொன்று வளைவு வளைவாக. அர்த்தமில்லாத இரண்டு சொற்களில் எது எதன் பெயர் என்று கேட்டார்: எது ‘தகேட்டே’, எது ‘மலூமா’? பெரும்பாலோர் யோசிக்காமல் கூர்மையானதைத்தான் தகேட்டே என்பார்கள். தமிழ்க் காதுக்கு இதில் வியப்பில்லை. பாட்டின் ஓசை நடையை ‘வண்ணம்’ என்பார்கள்; வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியம் முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

சரி, உருவகம்? அது ஓசையைவிட அழுத்தக்காரன். உளவியலாளர் சாம் குளுக்ஸ்பெர்க் குழுவினர் 1982-இல் வெளியிட்ட சோதனையில், வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் உண்மையா பொய்யா என்று மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். ‘சில வேலைகள் சிறைகள்’ என்பது அப்படிப் பார்த்தால் பொய். ஆனால் ‘பொய்’ என்று சொல்ல, உருவகமாகவும் அர்த்தம் தராத பொய் வாக்கியங்களைவிட அதிக நேரம் பிடித்தது. யாரும் கேட்காமலே உருவகப் பொருள் மனதுக்குள் வந்து குறுக்கே நிற்கிறது. வேண்டாம் என்றாலும் புரிந்து தொலைக்கிறது.

அப்புறம், புழங்கப் புழங்க உருவகம் தேய்ந்துவிடும். ஊசிக்குக் காது என்று பெயர் வைத்தவர் ஒரு காலத்தில் நல்ல கவிஞராகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்று நூல் கோக்கும்போது யாருக்கும் காது ஞாபகம் வருவதில்லை. ‘ஊசியின் காதில் நூல் ஏதோ ரகசியம் சொல்லிவிட்டுப் போயிற்று’ என்று ஒருவர் எழுதினால், அந்தப் பழைய காது திரும்பவும் கேட்க ஆரம்பிக்கிறது.