முதல் வார வேகத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்

இயற்கையாகவே விரிசல் விட்ட பாறையில் தோண்டிய எண்ணெய்க் கிணறு, திறந்த புதிதில் கொட்டோ கொட்டென்று கொட்டும். அந்த வேகத்தை அப்படியே நீட்டிப் பல வருடத் திட்டம் போட்ட ஒரு கிணற்றைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களிலேயே எண்ணெயை முந்திக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது.

இந்தப் பாறைகளில் எண்ணெய் இருக்கும் இடம் வேறு, ஓடும் வழி வேறு. விரிசல்களின் இடம் பெரும்பாலும் பாறையின் கன அளவில் 1 சதவீதம்கூட வராது. சரக்கெல்லாம் விரிசல்களுக்கு நடுவே உள்ள கட்டிகளின் நுண்துளைகளில். (வியட்நாமின் பாக் ஹோ போன்ற கிரானைட் வயல்களில் கட்டிக்குள் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, அது தனிக் கதை.)

1960இல் சோவியத் ஆய்வாளர்கள் பாரன்பிளாட், ஷெல்டோவ், கோச்சினா மூவரும் விரிசலையும் கட்டியையும் தனித்தனி ஊடகங்களாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1963இல் வாரன், ரூட் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கிணற்றுச் சோதனைக்கு, அதாவது கிணற்றின் அழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று அளக்கும் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். பாறையைச் சர்க்கரைக் கட்டிகளாக அடுக்கிய அந்த மாடலுக்கு இரண்டு எண்கள் முக்கியம்: மொத்தக் கொள்திறனில் விரிசலின் பங்கு எவ்வளவு, கட்டியிலிருந்து விரிசலுக்கு எவ்வளவு சுலபமாகக் கசிகிறது. சோதனையில் அளந்த அழுத்தத்தை நேரத்தின் மடக்கைக்கு (log) எதிராக வரைந்தால் இரண்டு இணைகோடுகள் வரவேண்டும். சோதனையை அவசரமாக நிறுத்தினால் இரண்டாவது கோடு வராது. விரிசலை மட்டும் பார்த்துவிட்டுப் பாறையையே பார்த்துவிட்டதாக நினைப்போம். முதல் கோட்டையும் பல சமயம் கிணற்றுக் குழாய்க்குள் இருக்கும் திரவமே மறைத்துவிடும்.

அப்புறம் விரிசலின் அகலம். வழுவழுப்பான இணைச் சுவர்கள் என்று வைத்துக்கொண்டால், ஓட்டம் அகலத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்கு. எண்ணெய் எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து விரிசல் இறுகும், மாடலில் அது மாறாமலே இருக்கும்! கிணற்றுக்குள்ளிருந்து வெட்டி மேலே கொண்டுவந்த பாறைத் துண்டில் (கோர்) அளந்த அகலத்தையும் நான் நம்புவதில்லை. மேலே இருந்த பாரம் விலகியதும் அது விரிந்திருக்கும்.

எண்ணெயை வெளியே தள்ளத் தண்ணீர் செலுத்தும் முன் கட்டி அதை உறிஞ்சுமா என்று பாருங்கள். நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலின் சுண்ணப் பாறை உறிஞ்சியது, எண்ணெய் வெளியே வந்தது. எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் பாறை என்றால் தண்ணீர் விரிசல் வழியே நேராக அடுத்த கிணற்றுக்கு ஓடிவிடும். யாராவது சிமுலேஷன் முடிவோடு வந்தால், அந்த உறிஞ்சல் சோதனையையும் கிணற்றுச் சோதனை எத்தனை மணி நேரம் நடந்தது என்பதையும்தான் முதலில் கேட்கிறேன்.