பையன் பெயருக்கே எழுதிவிட்டேன், சரிதானே?

ஆலோசனை கேட்டு வந்த ஓர் அப்பா மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "கடை ரெண்டையும் பையன் பேருக்கே செட்டில்மென்ட் எழுதிட்டேன் சார். இனி அவனை யாரும் ஏமாத்த முடியாது." மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். மகனுக்கு வயது 31, அறிவுசார் குறைபாடு. சட்டைப் பொத்தான் போடவும் துணை வேண்டும்.

வாடகை எவ்வளவு என்று கேட்டேன். மாதம் 40,000.

சிக்கலே அங்கேதான். பெற்றோர் இருவருக்கும் பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைக்கு மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க வரும். ஆனால் அவனுடைய மற்ற வருமானம் அந்த ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2021-இல் தளர்த்திய பிறகும் வரம்பு இதுதான்: கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும், விலைவாசிக்கு ஈடாக அதன்மேல் தரும் அகவிலை நிவாரணமும். இவர் கடைசியாக வாங்கியது 50,000. அதில் 30 சதவீதம் 15,000. அகவிலையைச் சேர்த்தாலும் வாடகை அதைத் தாண்டிவிடுகிறது. பாசத்தில் கொடுத்த கடையே பென்ஷனுக்குக் குறுக்கே நிற்கிறது.

திருப்பி எழுதி வாங்கிவிடலாமே என்றார். கையெழுத்துப் போட மகனுக்குச் சட்டத் தகுதி இல்லை. காப்பாளராக இருந்து அப்பாவே தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் லேசில் நடக்காது. அப்பா என்ற முறையில் கையெழுத்துப் போடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு 18 முடிந்ததும் அந்த உரிமை போய்விடுகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் ஆக வேண்டும். அப்புறம் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஆண்டுதோறும் கணக்கு.

பத்திரம் பதிவாகிவிட்டது, கடைகளை விட்டுவிட்டோம். குடியிருக்கும் வீடும் வைப்புத்தொகையும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அவற்றை உயில் மூலம், மகனுக்காகவே அமைக்கும் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு எழுதச் சொன்னேன். சொத்து, அதை நிர்வகிக்கும் அறங்காவலர்கள் பெயரில் இருக்கும். பையனின் மருந்து, பராமரிப்பவர் சம்பளம் எல்லாவற்றையும் அவர்களே நேரடியாகக் கட்டுவார்கள். மாதம் இவ்வளவு என்று அவன் கையில் கொடுக்கும்படி எழுதினால் மறுபடியும் வருமானக் கேள்வி வரும்.

இன்னொன்று, செலவில்லாத வேலை: மகன் பெயரை ஓய்வூதிய ஆணையில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஊனச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பிள்ளை பின்னாளில் தனியாக அலைய முடியாது.

அறங்காவலர்களில் முதல் பெயர் மகள். மகன் காலத்துக்குப் பிறகு மிச்சமுள்ள சொத்து அவள் பிள்ளைகளுக்குத்தான் போகிறது. அதனால் தம்பிக்குச் செலவழிக்க அவளுக்குக் கை வருமா என்று கேட்டேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு. ஆனாலும் மைத்துனர் பெயரைச் சேர்த்தார். குடும்பத்துக்கு வெளியே மூன்றாவதாக ஒருவரை யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.