வேலையும் போனது, வேலையின்மையும் குறைந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர்களுக்கு ‘ஷார்ட் டைம்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. துணி ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் வாரம் ஐந்து நாள் வேலை மூன்று நாளாகும். சம்பளமும் மூன்று நாளுக்குத்தான். என் அத்தை சட்டைக்குக் காலர் தைத்தவர். 2009இல் முதலில் ஓவர்டைம் நின்றது, பிறகு ஷார்ட் டைம், கடைசியில் வேலையே போனது.

மந்தநிலை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். கைதேர்ந்த ஆளை அனுப்பிவிட்டால் மறுபடி பிடிப்பது கடினம். அதனால் முதலாளி முதலில் நேரத்தைக் குறைக்கிறார், விலகுபவர் இடத்தைக் காலியாகவே விடுகிறார், அதன் பிறகே ஆளைக் குறைக்கிறார். விற்பனை மீளும்போதும் இருப்பவர்களை வைத்தே கொஞ்ச காலம் ஓட்டுவார். அமெரிக்காவில் மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது. வேலையின்மை 10 சதவீத உச்சத்தைத் தொட்டதோ அக்டோபரில்.

அதே ஆண்டு ஜெர்மனியின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் சரிந்தும் அங்கே வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. அங்கும் ஷார்ட் டைம்தான், ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்பார்கள். ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் எவ்வளவு குறைந்ததோ அதில் 60 சதவீதத்தை, பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீடு கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி குறைந்தது சுமார் 1.5 சதவீதமே. இருந்தும் 2008 இறுதியிலிருந்து இரண்டாண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் வேலைகள் போயின. அந்த அடியை ஜெர்மனி அளவுக்குத் தாங்க நடுவில் யாரும் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2020இல் தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் விசித்திரம். ஊரடங்கு இருந்த இரண்டாம் காலாண்டில் 22 லட்சம் வேலைகள் போயின. அதிகாரபூர்வ வேலையின்மை விகிதமோ 30.1 சதவீதத்திலிருந்து 23.3க்கு இறங்கியது! கணக்கில் பிழை இல்லை. ‘வேலையில்லாதவர்’ என்று எண்ணப்பட, கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். வீட்டுக்குள் அடைபட்டவர் எங்கே போய்த் தேடுவார்? தேடாதவர் வேலையில்லாதோர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார், விகிதமும் கூடவே இறங்குகிறது. வேலை வேண்டும், ஆனால் தேடவில்லை என்பவர்களையும் சேர்க்கும் விரிந்த கணக்கு அதே காலாண்டில் 42 சதவீதம் காட்டியது.

அதனால் விகிதம் இறங்கியதாகச் செய்தி வந்தால், வேலையில் இருப்போர் எண்ணிக்கை ஏறியதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அத்தை ஒரு வருடம் ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். மினிபஸ் டாக்ஸிக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அதிகாரபூர்வக் கணக்கில் அவர் வேலையில்லாதவர் இல்லை. யாராவது கூப்பிட்டிருந்தால் மறுநாள் காலையிலேயே போயிருப்பார்.