பூனைக்குக் கொடுத்த அரை மாத்திரை

மழைக்கால மாலையொன்றில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா மகனோடும் பேரனோடும் வந்து, பழைய துண்டில் சுற்றிய பூனையை என் மேசைமேல் வைத்தார். பெயர் மணி, எடை மூன்றரைக் கிலோ. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகமும் முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. உதட்டை விலக்கிப் பார்த்தபோது, இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு கருப்பட்டி நிறத்தில் இருந்தது.

ஆக்சிஜன் வைத்துக்கொண்டே, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பாலும் மீனும் தவிர வேறொன்றும் இல்லை என்றார் மகன். அந்த அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துச் சீட்டு எழுதி மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது: "காதெல்லாம் சுட்டுச்சு தாயி. பேரனுக்கு வாங்குன காய்ச்சல் மாத்திரையில பாதியக் கரைச்சுச் சங்குல புகட்டுனேன். எம் மவன்கிட்டச் சொல்லிராதீங்க."

அது 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை. பூனைகளில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நச்சு அறிகுறிகள் பதிவாகியிருக்கின்றன. மணிக்குப் போனதோ கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கும் மேல். நம்முடைய கல்லீரல் இந்த மருந்தின் பெரும்பகுதியைக் குளுக்குரானிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதி பூனைக்குப் போதுமான அளவில் இல்லாததால், மருந்து நச்சாக மாறி, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. ஈறு பழுப்பாவதும் மூச்சு முட்டுவதும் அதனால்தான். பூனையைப் பொறுத்தவரை இந்த மருந்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைகளுக்கான சிரப்பும் இதில் சேர்த்தி. நாய்க்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுத்து, வயிற்றில் இரத்தக்கசிவோடும் சிறுநீரகப் பாதிப்போடும் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

மணிக்குக் காய்ச்சல் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். பூனையின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், நம் உடம்பின் வெப்பமோ 98.6-ஐ ஒட்டியது. அதனால் நம் கைக்கு, நலமாக உள்ள பூனையின் காதும் சூடாகத்தான் படும். பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டே காய்ச்சலைக் கண்டுபிடித்து வளர்த்த ஒரு கை, பூனையிடமும் அதையேதான் செய்தது. பகல் முழுவதும் அந்த வீட்டில் அவருக்குத் துணை மணி மட்டுமே என்பதைப் பிறகு அறிந்தேன்.

அதனால் இதை வெறும் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை வருத்தியது, அதைச் சொல்ல அவர் பட்ட பயம். காரணம் தெரியும்வரை வெங்காயம் தின்றதா, எலிமருந்தைத் தொட்டதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். இந்த நஞ்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ, எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவுக்குத்தான் பலன் தரும். வீட்டில் யார் எதைக் கொடுத்திருந்தாலும், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் யாரையும் கடிந்துகொள்ளப்போவதில்லை. நஞ்சை முறிக்கும் என்று பால் புகட்டுவதும், வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். பால் இந்த நஞ்சை முறிக்காது. மூச்சு வாங்கும் பூனைக்குப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். உப்போ தனியாகவே உயிருக்கு ஆபத்து.

மணி பிழைத்துக்கொண்டது. நான்காம் நாள் ஈறு பழைய நிறத்துக்குத் திரும்பி, வைத்த மீனைத் தானே தின்றது. அழைத்துப்போக வந்த மகனிடம், அந்த அம்மாவின் சம்மதத்தோடு நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாவின் கையிலிருந்த துண்டை வாங்கி, பூனையைத் தானே சுற்றி, அம்மாவின் மடியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.