மலைக்காற்றைக் கணக்கில் பிடிப்பது எப்படி?

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல பக்கம் போனால் அம்பேவல மாட்டுப் பண்ணையை ஒட்டிக் காற்றாலைகள் நிற்பது தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அங்கே வீசும் விதத்தை மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுத்தான் தாராளமாக இருக்கிறதே, முகடெல்லாம் கோபுரம் நட்டால் என்ன?

நடலாம். ஆனால் எந்த முகட்டில்? காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) கூடும். வேகம் பத்திலொரு பங்கு உயர்ந்தாலே ஆற்றல் மூன்றிலொரு பங்கு உயரும். சரிவில் ஏறும் காற்று முகட்டில் நெருக்குண்டு விரைவதால், மலையில் இந்த இலாபம் தானாகவே கிடைக்கிறது. (1,800 மீற்றர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது, அந்த நட்டமும் உண்டு.)

முகட்டில் காற்று எவ்வளவு விரையும் என்று கணிக்க 1975இல் ஜாக்சன், ஹன்ட் என்ற ஆய்வாளர்கள் தந்த எளிய கோட்பாடு, சரிவு குறைந்த மேடுகளுக்கு நன்றாகவே பொருந்தும். சரிவு ஏறக்குறைய 17 பாகையைத் தாண்டினால் பொருந்தாது. காற்று நிலத்தை விட்டுப் பிரிந்து, ஓடைப் பாறைக்குப் பின்னால் நீர் சுழிப்பதுபோல முகட்டின் மறுபுறம் சுழன்றடிக்கும். இந்தக் கொந்தளிப்பில் அகப்பட்ட இறகு, ஒரே சுற்றில் மேலே ஒரு வேகத்தையும் கீழே வேறொன்றையும் சந்திக்கும். இறகின் அடியும் தாங்கிகளும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அதனால் மலையைக் கணினியில் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகத் தீர்க்கிறார்கள். சராசரி ஓட்டத்தை மட்டும் கணிப்பது மலிவான வழி. பெரிய சுழல்களை நேரடியாகவும் சின்னவற்றைத் தோராயமாகவும் கணிப்பது செலவான வழி. செங்குத்துச் சரிவுக்கு இதுவே நம்பகமானது. தேயிலைப் புதரா, யூக்கலிப்டஸ் தோப்பா என்பதையும் சேர்க்க வேண்டும், இரண்டும் காற்றை ஒரேயளவு தடுப்பதில்லை.

கொந்தளிப்பு முழு எதிரியுமல்ல. முன் வரிசைக் காற்றாலை வேகத்தைப் பறித்துக்கொண்டபின் அதன் பின்னால் மந்தமான ‘காற்று நிழல்’ நீளும். மன்னார்க் கரை போன்ற சமதரையில் கடலிலிருந்து சீராக வரும் காற்றில் அந்த நிழல் வெகுதூரம் கலையாது. மலையில் சுழல்கள் மேலேயுள்ள விரைவான காற்றைக் கீழே இழுத்துக் கலக்குவதால் சீக்கிரம் கலையும். ஆனால் நேர்கோட்டில் போகாமல் சரிவோடு வளைந்து இறங்கும். காற்றாலைகளுக்கு இடையே கரையோரத்தில் விடும் இடைவெளிக் கணக்கை அப்படியே மலைக்கு ஏற்றுவது வீண் வேலை.

இந்தக் கணினி மாதிரியைச் சரிபார்க்க, லேசர் கதிரால் காற்றின் வேகத்தை அளக்கும் லைடார் கருவியைக் கொண்டுபோகலாம். அதிலும் ஒரு சிக்கல்: தன் கதிர்கள் படும் பரப்பெங்கும் காற்று ஒரேமாதிரி வீசுவதாக அது எடுத்துக்கொள்கிறது. முகட்டில் காற்று வளைவதால் அளவு சில சதவீதம் பிசகும். அதைத் திருத்த மறுபடி அதே கணினி மாதிரிதான் வேண்டும். உயரக் கம்பத்தில் கிண்ணங்கள் சுழலும் பழைய காற்றுமானியை இன்னும் யாரும் கழற்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.