பதவிக்கு வந்து 12 நாள்ல நோபல் கொடுத்துட்டாங்களா?

ஒபாமா பதவி ஏத்துக்கிட்டது 2009 ஜனவரி 20. அந்த வருஷ நோபல் அமைதிப் பரிசுக்கு பேர் அனுப்ப கடைசி நாள் பிப்ரவரி 1. அக்டோபர் 9 அவர் பேரை அறிவிச்சதும் "12 நாள்ல அப்படி என்னய்யா கிழிச்சாரு"ன்னு கேக்க ஆரம்பிச்சவங்க இன்னும் நிறுத்தல. கோபம் சரிதான், கணக்குதான் தப்பு.

பிப்ரவரி 1ங்கிறது பேரை உள்ள தள்ளுறதுக்கான கெடு, அவ்வளவுதான். எம்.பி.க்கள், மந்திரிங்க, சட்டம் வரலாறு தத்துவம்னு பாடம் எடுக்குற பல்கலைக்கழக பேராசிரியர்கள், ஏற்கனவே பரிசு வாங்கினவங்கன்னு உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேருக்கு நாமினேட் பண்ற உரிமை இருக்கு (தன் பேரைத் தானே அனுப்புனா மட்டும் செல்லாது). அதனால 'நாமினேட் ஆயிருக்காரு'ன்னு செய்தி வந்தா அசந்துடாதீங்க, 1939ல ஒரு ஸ்வீடன் எம்.பி. நக்கலுக்கு ஹிட்லர் பேரையே அனுப்பிட்டு அப்புறம் வாபஸ் வாங்கினாரு. யார் யாரை அனுப்பினாங்கன்னு கமிட்டி 50 வருஷம் வாயே திறக்காது.

2009ல ஆளுங்க, அமைப்புங்க எல்லாம் சேத்து 205 நாமினேஷன். அதை சலிக்கிறது நார்வே பாராளுமன்றம் நியமிக்கிற 5 பேர் கமிட்டி. முதல் மீட்டிங்ல அவங்களே புதுசா பேர் சேக்கலாம், அப்புறம் ஒரு குட்டி லிஸ்ட், ஆலோசகர்கள் கிட்ட இருந்து ரிப்போர்ட், மாசக்கணக்குல பேச்சு, ஒத்துப்போகலன்னா ஓட்டு. அப்படி இழுத்துட்டுப் போனதுல எட்டு மாச ஒபாமாவை அவங்க பாத்தாச்சு: ஏப்ரல்ல ப்ராக்ல அணு ஆயுதமே இல்லாத உலகம் வேணும்னு பேசினாரு, ஜூன்ல கெய்ரோல முஸ்லிம் நாடுகளைப் பாத்து பேசினாரு, செப்டம்பர்ல ஐ.நா. பாதுகாப்பு சபைல அணு ஆயுதம் பத்தின கூட்டத்துக்கு தலைமை தாங்கி அங்கயும் பேசினாரு.

எல்லாமே பேச்சு! எனக்கு இடிக்கிறது இங்கதான். ஆல்ஃபிரட் நோபல் 1895ல எழுதின உயில்ல, முந்தின வருஷத்துல நாடுகளுக்குள்ள சகோதரத்துவம் வளக்க, படைகளைக் குறைக்க உழைச்சவருக்குன்னுதான் இருக்கு, அதாவது செஞ்ச வேலைக்குக் கூலி. கமிட்டி அதை அட்வான்ஸா மாத்திடுச்சு, ஆள் நல்ல பக்கமா நடக்குறப்பவே முதுகுல கை வெச்சு ஒரு தள்ளு. அப்போ தலைவரா இருந்த யாக்லாண்ட், ஒபாமா செய்ய நினைக்கிறதுக்கு இது கைகொடுக்கட்டும்ங்கிற மாதிரி வெளிப்படையாவே சொன்னாரு.

தள்ளினது பலிச்சுதா? டிசம்பர் 1 ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 வீரர்களை அனுப்புறதா ஒபாமா அறிவிச்சாரு, டிசம்பர் 10 ஓஸ்லோல மேடை ஏறி பரிசை வாங்கிட்டு சில நேரம் போர் தேவைதான்னு விளக்கினாரு. பரிசுப் பணம் 1 கோடி ஸ்வீடன் குரோனர், அதை தர்ம காரியங்களுக்கு கொடுத்துட்டாரு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. கமிட்டிக்கு பல வருஷம் செயலாளரா இருந்த லுண்டஸ்டாட், எதிர்பாத்தது நடக்கலன்னு 2015ல புத்தகத்துலயே எழுதிட்டாரு.

அதுக்கப்புறமும் கமிட்டி இந்தப் பழக்கத்தை விடல. எத்தியோப்பியாவுல 2018ல பிரதமரான அபி அகமதுக்கு எரித்ரியாவோட சமாதானம் பேசினதுக்காக 2019ல கொடுத்தாங்க, 2020 நவம்பர்ல அவர் நாட்டுக்குள்ளயே டிக்ரே பகுதில போர் வெடிச்சுது. பரிசைத் திரும்ப வாங்குங்கன்னு கூச்சல் கிளம்பிச்சு. ஆனா கொடுத்த நோபலை ரத்து பண்ண விதில இடமே கிடையாது.